ஐந்தாவது பாட்டில் கத்துபவர்

பேனாவின் அடிப்பக்கத்தால் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறார் மாஸ்டர். டக், டக், டக். கிளட்ச்சுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, ஆக்ஸிலேட்டருக்கு ஒன்று. கடைவாயில் ஒரு கிராம்பு. பார்வை சாலையில் இல்லை, பக்கத்து இருக்கையில் வியர்த்துக்கொண்டிருப்பவரின் பாதங்களில் இருக்கிறது. "ரோட்டப் பாக்கத்தான் நீ இருக்க. உன் காலப் பாக்க நான் இருக்கேன்" என்பார். எதிரே லாரி வருவதைக்கூட மாணவரின் கணுக்கால் விறைப்பதை வைத்தே தெரிந்துகொள்வார்.

டிரைவிங் ஸ்கூலின் சின்ன வெள்ளைக் காருக்கு நாலு பக்கமும் 'L' ஒட்டியிருக்கிறது. பின்பக்க பம்பரில் ஊரில் உள்ள எல்லாச் சுவர்களின் பெயிண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மாஸ்டர் காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். வண்டிக்கு வெளியே அவர் மரியாதை தவறாதவர். பேரன் வயதுப் பையனைக்கூட "வாங்க, உக்காருங்க, சீட்டு வசதியா இருக்கா?" என்றுதான் கேட்பார். கதவு சாத்தப்பட்டதும் எல்லோரும் 'நீ' ஆகிவிடுவார்கள். வங்கி மேனேஜர் 'நீ', டாக்டரம்மா 'நீ'. இந்த மாற்றம் நடப்பது அவருக்குத் தெரியாது. இறங்கியதும் மறுபடி "போயிட்டு வாங்க".

அவருக்குத் தன்னைப் பற்றி ஒரே ஒரு பெருமைதான். தான் பொறுமைசாலி. அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கதையை யாராவது ஆரம்பித்தால் இவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். "இன்னிக்கு வரைக்கும் நான் ஒருத்தர் மேல கை வச்சதில்ல. குரல உசத்துனதில்ல. நம்ம தொழிலுக்கு மூலதனமே பொறுமதான். நான் சொல்றது ஒரே வார்த்த. மெதுவா. அவ்வளவுதான்."

அந்த ஒரே வார்த்தையை அவர் எந்தச் சத்தத்தில் சொல்வார் என்பது அவர் கார் போகும் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள், தங்களைத்தான் சொல்கிறாரோ என்று பிரேக்கைப் பிடித்திருக்கிறார்கள். தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். ஒருமுறை டாக்டரிடம் காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டு பாடுவீங்களா?" என்று கேட்டார்.

"நான் இல்லீங்க, என் பொண்ணுதான் மியூசிக். நமக்கு இந்த ரோட்டுத் தூசி" என்றார் மாஸ்டர். அன்றுதான் கிராம்பு ஆரம்பித்தது.

மகள் பகலில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை. சாயங்காலம் டயர் கடை மாடியில் டிரம்ஸ். நாலு பேர் சேர்ந்த குழு அது. பெயர் 'உப்புத்தாள்'. கிட்டார் வாசிக்கிறவனை நெட்டை என்று கூப்பிடுவார்கள். நிலைப்படியில் குனியாமல் நுழைந்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு புடைப்பு வாங்கி வைத்திருந்தான். ராக் இசை என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அதில் தாலாட்டு வரும், பேண்டு வாத்தியம் வரும், மிக்ஸி ஓடும். மாஸ்டர் ஒருமுறை மாடியேறிப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "இது எந்த வகைம்மா?" என்று விசாரித்தார்.

"வகையெல்லாம் இல்லப்பா. எல்லாத்தயும் ஒரே சட்டில போட்டுக் கிண்டறோம்."

"அடிப்பிடிச்சிடாதா?"

"பிடிக்கணும்ப்பா. அந்த வாசனதான் எங்களுக்கு வேணும்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பெண் டிரம்ஸ் வாசிப்பதில் அவருக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. மாணவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். "ரெண்டு கையும் ரெண்டு காலும் தனித்தனியா வேல செய்யணும். டிரைவிங் மாதிரிதான். எங்கிட்ட இருந்து வந்தது."

உப்புத்தாள் தன் முதல் ஆல்பத்துக்குச் சத்தம் சேகரித்தது. மகள் அப்பாவின் காரைக் கேட்டாள். இண்டிகேட்டர், வைப்பர், கியர் மாற்றும்போது வரும் அந்தக் கரகரப்பு எல்லாம் வேண்டும் என்றாள். பின்சீட்டில் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்துவிட்டுப் போனால் போதுமாம்.

"தாராளமா வை" என்றார் மாஸ்டர்.

"ஓட்டறவங்ககிட்ட சொல்லணுமேப்பா? அவங்க பேசறதும் பதிவாகும்."

"என் வண்டி, என் ஸ்டூடண்ட். நான் சொன்னா சொன்னதுதான். அவங்கள எதுக்குக் கேக்கற? சொன்னா பயந்து இன்னும் ரெண்டு சுவத்துல இடிப்பாங்க."

ஆகவே யாரையும் கேட்கவில்லை. ரெக்கார்டர் சில நாட்கள் பின்சீட்டில் கிடந்தது. அப்புறம் எல்லோரும் அதை மறந்துபோனார்கள். மாஸ்டரும்தான்.

ஆல்பத்துக்கு 'மேடு பள்ளம்' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு மதியம் வீட்டுக் கூடத்தில் முதல் கேட்பு. மாஸ்டரின் மனைவி காபி போட்டாள். அவள் தம்பி, அதாவது மாஸ்டரின் மச்சான், அழைக்காமலே வந்து நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். நெட்டை இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைத் தூக்கிவந்து வைத்தான். வழக்கம்போல் நிலைப்படியில் இடித்துக்கொண்டான்.

முதல் பாட்டு ஒரு தாலாட்டு. பெண் குரல் கீழே மென்மையாகப் போக, கிட்டார் மேலே நின்று உறுமிக்கொண்டே இருந்தது, தூங்கவிடாத பக்கத்து வீட்டு நாய் மாதிரி. மச்சான் "குழந்த தூங்கின மாதிரிதான்" என்றான். இரண்டாவதில் பேண்டு வாத்தியம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெள்ள மெள்ள வந்தது. மூன்றாவதில் யாரோ மூச்சுவிடாமல் பேசினார்கள்; பேசியது முழுக்க மருந்துச் சீட்டில் போடுகிற எச்சரிக்கைகள். நான்காவதில் புல்லாங்குழல். மாஸ்டர் தலையாட்டினார். அவருக்குப் புல்லாங்குழல் பிடிக்கும்.

ஐந்தாவது, இண்டிகேட்டர் சத்தத்தில் தொடங்கியது. டிக், டிக், டிக். வைப்பர் சேர்ந்தது. அதன்மேல் டக், டக், டக் என்று ஒரு தட்டல். மகளின் டிரம்ஸ் அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. "நம்ம வண்டி!" என்று சந்தோஷமாகச் சொன்னார் மாஸ்டர். அப்போது அந்தக் குரல் வந்தது.

"மெதுவா... மெதுவா... மெதுவான்னு சொல்றேன்ல! அது காலா, கட்டையா? மாவு பிசையற மாதிரி ஸ்டீயரிங்கப் பிசையாத! எங்க பாக்கற, முன்னால பாரு!"

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரிக் குரல். கிட்டாரும் அதே வெறியில் கூடவே இழுத்தது. மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"யாரும்மா இந்த ஆளு? எங்கேருந்து பிடிச்சீங்க? இப்படிக் கத்துறான்!"

கூடமே அதிர்ந்து சிரித்தது. நெட்டை தொடையைத் தட்டினான். மச்சான் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். மாமா சரியான ஆளு, என்ன ஜோக் அடிக்கிறார் பாரு என்று எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பிறகு ஸ்பீக்கரில் அந்த ஆள் இருமினான். இருமிவிட்டுக் கடைவாயில் எதையோ ஒதுக்கினான். மாஸ்டரின் நாக்கு தானாகவே கிராம்பு இருந்த பக்கம் போய் நின்றது.

"உன் வீட்டுக்காரருக்குத்தான் கண்ணு போச்சு. உனக்குமா போச்சு?" என்றான் அந்த ஆள்.

எல்லா வாத்தியமும் அங்கே நின்றுவிட்டது. நாலு தட்டு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு பெண் குரல், பாத்திரத்துக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் மிகச் சின்னதாகச் சொன்னது.

"சரி மாஸ்டர்."

அதை எடுத்து அடுக்கியிருந்தார்கள். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று அந்தச் 'சரி மாஸ்டர்' பெருகி, ஒரு பெரிய கூட்டம் சேர்ந்து பாடுவதுபோல் விரிந்து, கூடத்தை நிறைத்தது. கேட்க அழகாகத்தான் இருந்தது. மாஸ்டரின் மனைவிகூடக் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் காய்ந்த தோசைக்கல் மாதிரி சுட்டது. மற்ற பாட்டுகள் வந்து போயின. அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

எல்லோரும் போனபின் சமையலறையில் மகள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாசலில் நின்றார்.

"அந்த அஞ்சாவத எடுத்துடும்மா."

"ஏம்ப்பா? அதானே எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"நான் அப்படிக் கத்த மாட்டேன். அன்னிக்கு ஏதோ... வெயிலு."

மகள் குழாயை நிறுத்தினாள். அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்பா, அது வெயில் இல்ல. அது உங்க சாதாரண குரல்தானே. நீங்க சைக்கிள் சொல்லிக்கொடுத்தது அந்தக் குரல்ல. கணக்கு சொல்லிக்கொடுத்தது அந்தக் குரல்ல. எனக்கு அதுல தப்பாவே ஒண்ணும் தோணல. உங்களக் கிண்டல் பண்ணணும்னு போடலப்பா. பிடிச்சுதான் போட்டேன்."

"நான் கோவக்காரனா?"

"கோவம்னு யாரு சொன்னா? நீங்க அப்படித்தான்."

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இந்த வீட்டுல ரேடியோ வாங்கலன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா?"

அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். "அந்தப் பொம்பளயோட குரலு?"

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. கேக்கணும்னேன். நீங்கதான் வேணாம்னீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே தீர்ப்பு சொன்னாள். "நீங்க சொல்றதுக்காக எடுக்க மாட்டேன். அவங்க எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். வியாழக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்லுங்க."

அந்த அம்மாள் யார் என்று மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலேயே கேக் செய்து கடைகளுக்கும் பிறந்தநாள் வீடுகளுக்கும் கொடுக்கிறவர். கேக்கம்மா என்பார்கள். அவர் கணவர்தான் வேனில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை ஏறி அவருக்குக் கண் போனபின் வேன் வாசலில் நின்றுபோனது. அதை ஓட்டத்தான் கேக்கம்மா கற்றுக்கொள்ள வந்தார். அந்தப் பதிவு நடந்த நாளுக்குப் பிறகு வரவில்லை. மாஸ்டர் அதைப் பற்றி டீக்கடையில் சொன்ன வார்த்தைகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. "அந்தம்மாவுக்குப் பொறும கிடையாது."

திங்கட்கிழமை காரில் அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் அந்த ஆள் வந்துவிடுவான் என்று பயம். பேனாவைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டார். நகைக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண், மாஸ்டர் ஒன்றும் சொல்லாததால் தான் சரியாகப் போவதாக நினைத்து நடைபாதையில் ஏற்றிவிட்டாள். மாஸ்டர் பிரேக்கை மிதித்து, கோயில் கருவறையில் பேசுவதுபோல், "கொஞ்சம் பாத்து" என்றார்.

"மாஸ்டர், தொண்ட சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்போ கத்துங்க மாஸ்டர். நீங்க சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை கேக்கம்மா வீட்டுத் தெருவரை போய்விட்டுத் திரும்பினார். புதன்கிழமை மதியம் உள்ளே போனார்.

வேன் வாசலில் நின்றது. கூரையில் காய்ந்த இலைகள். சமையலறையே தொழிற்சாலை. நீளமான மேஜை, வெண்ணெய் வாசனை, மூன்றடுக்கு கேக் ஒன்று பாதி வெள்ளை உடுத்தி நின்றது. கேக்கம்மா க்ரீம் பையைப் பிழிந்து ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். மேஜையின் மறுகோடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட கணவர், தட்டை அட்டைகளை மடித்துப் பெட்டியாக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் மாஸ்டர்.

கணவர் தலையைத் திருப்பினார். "டிரைவிங் மாஸ்டரா? உக்காருங்க. இவளுக்கு முட்டி வலி சரியானதும் அனுப்பறேன். ரொம்ப நாளா அதயே சொல்லிட்டிருக்கா."

கேக்கம்மா நிமிரவில்லை. க்ரீம் கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதைச் சின்னக் கத்தியால் வழித்தெடுத்தார். மாஸ்டருக்கு முட்டி வலி என்ன என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அவர் விஷயத்தைச் சொன்னார். பாதி வார்த்தை உள்ளே போயிற்று, பாதி வெளியே வந்தது. பொண்ணு, பாட்டு, ரெக்கார்டர், உங்க குரல், கேக்காம எடுத்தது, அது என் தப்புதான், அவ கேக்கணும்னுதான் சொன்னா. "நீங்க ஒருதரம் கேட்டுட்டு வேணாம்னா எடுத்துடுவாங்க" என்று போனையும் இயர்ஃபோனையும் நீட்டினார். வருகிற வழியில் அந்த இயர்ஃபோனை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பிரித்த கவர் இன்னும் கையிலேயே இருந்தது.

கேக்கம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். முழங்கைவரை க்ரீம். "இதோட எங்க காதுல மாட்டறது? மேஜ மேல வச்சுப் போடுங்க மாஸ்டர்."

"இல்ல... தனியாக் கேட்டா நல்லது."

"பாட்டுதானே. அவரும் கேக்கட்டும். நாள் பூரா அட்டை மடிக்கிற சத்தத்தத்தான் கேக்கறாரு."

"போடுங்க, போடுங்க" என்றார் கணவர், உற்சாகமாக.

மாஸ்டர் போட்டார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இண்டிகேட்டர், வைப்பர், தட்டல். கணவர் விரலால் அட்டையில் தாளம் போட்டார். குரல் வந்ததும் சிரித்தார். "மாஸ்டர், நீங்களா? பின்றீங்களே!" மாவு பிசைகிற வரிக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார். கேக்கம்மா க்ரீம் பையை மேஜையில் வைத்துவிட்டார். போனை அணைக்க மாஸ்டரின் கை நீண்டது, பாதியில் நின்றுவிட்டது. இன்னும் ஒரு வரிதான். அந்த வரி வந்தது.

கணவரின் விரல் அட்டையின் மடிப்பிலேயே நின்றது. நாலு தட்டு மௌனம். அந்தச் சின்னச் சமையலறையில் அது மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. பிறகு அந்தச் சின்னக் குரல். அப்புறம் அது பெருகியது. யாரும் அசையாமல் கடைசிவரை கேட்டார்கள்.

"முட்டி வலின்னியே" என்றார் கணவர்.

"முட்டியும்தான் வலிச்சுது."

"எங்கிட்டச் சொல்லலியே."

"சொல்லி? ரெண்டு பேரும் சேர்ந்து வருத்தப்படறதா?" அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எத்தன தடவ சரி சரின்னு சொல்லியிருக்கேன்! என் குரல் இவ்வளவு சின்னதா இருக்குன்னு எனக்கே தெரியாது. கேக்கவே வெக்கமா இருக்கு."

வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் மாஸ்டர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரு முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். இருமி, பலம் கூட்டித் தள்ளினார். வெளியே வந்தது அந்த ஆளின் குரல்தான்.

"மன்னிச்சிடும்மா!"

பாத்திரங்கள் அதிர்ந்தன. கேக்கம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சரி மாஸ்டர்" என்றார்.

சொன்னபிறகுதான் மூன்று பேருக்கும் அது காதில் விழுந்தது. கேக்கம்மா க்ரீம் கையை வாய்மேல் வைத்துக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று தோளைக் குலுக்கியது. மாஸ்டர் இயர்ஃபோன் கவரை மடித்தார், மறுபடி மடித்தார், அது விரல் நகம் அளவுக்கு ஆகும்வரை மடித்தார்.

கடைசியில் கணவர்தான் பேசினார். அவர் குரலில் உற்சாகம் போயிருந்தது. "வாசல்ல வேன் நிக்குது. இவ கேக் அனுப்ப அடுத்தவங்க வண்டிக்குக் கெஞ்சிட்டிருக்கா. ஒரு வாய்ச் சொல்லுக்காக நிக்குதா அது? நான் வேற காரணம்னு நெனச்சேன்." யாரைச் சொன்னார் என்று தெளிவாக இல்லை. மாஸ்டர் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

கேக்கம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார். "அவர் கண்ணப் பத்தின வரிய எடுத்துடச் சொல்லுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

"முழுசா எடுக்கச் சொன்னாலும் எடுத்துடுவா. நீங்க சொன்னா போதும்" என்றார் மாஸ்டர். அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்று முகத்தில் எழுதியிருந்தது.

"எதுக்கு? நீங்க கத்தறது எல்லாரும் கேக்கட்டும்." கேலியா கண்டிப்பா என்று பிரிக்க முடியாத தொனி. "நான் சரின்னு சொல்றதயும் கேக்கட்டும். அத நல்லாத்தான் போட்டிருக்கா உங்க பொண்ணு. அத்தன பேரு சேர்ந்து சொல்ற மாதிரி."

"அப்போ மறுபடி கிளாஸுக்கு..."

"வரேன். உங்க கார்ல இல்ல. என் வேன்ல. அதுல உங்களுக்குன்னு பிரேக் கிடையாது."

வரி போயிற்று. அது இருந்த இடத்தில் மகள் வேறு எதையும் வைக்கவில்லை; மௌனத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். அங்கே யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார் என்று மட்டும் தெரியும். 'மேடு பள்ளம்' வெளிவந்த பிறகு அதில் எது பேசப்பட்டது என்றால் ஐந்தாவது பாட்டுதான். மாணவர்கள் காரில் ஏறியதும் போனில் அதைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "மாஸ்டர், நீங்க இப்போ ராக் ஸ்டார்!" மாஸ்டர் அணைக்கச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. பாட்டு முடியும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, கிளப்புங்க" என்பார். இப்போதெல்லாம் வண்டிக்குள்ளும் 'ங்க'தான். மறந்துபோய் 'நீ' வந்துவிட்டால் தானே திருத்திக்கொள்வார். கத்தல் முற்றிலும் நிற்கவில்லை. பாதி வந்தபின் விழுங்கிக்கொள்வார். விக்கல் எடுத்தவர் மாதிரி இருக்கும். டீக்கடையில் ஸ்கேல் மாஸ்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய் நிற்கிறார்.

கேக்கம்மாவின் வேன் பழைய வண்டி, கிளட்ச் முரடு. முதல் இரண்டு நாள் காலி மைதானத்தில். மூன்றாம் நாள் அவரே சாலைக்குப் போகலாம் என்றார். மேட்டுத் தெருவில், நடு ஏற்றத்தில், சிக்னல் விழுந்தது. வேன் நின்றது. பச்சை வந்தது. கேக்கம்மா கிளட்ச்சை விட, வேன் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு ஹாரன், அதற்குப் பின்னால் நாலு. ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள்கள் காதுவரை ஏறி, அடி விழப்போவதை எதிர்பார்ப்பதுபோல் காத்திருந்தன.

மாஸ்டர் வாயைத் திறந்தார். கால் தரையில் இல்லாத பெடலைத் தேடியது. அவர் அந்தத் தோள்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினார்.

வேனுக்குப் பின்னால் போய், அதற்கும் பின்னால் இருந்த காருக்கும் நடுவில், வேனுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். காரில் இருந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், கத்துக்க வேற இடம் கிடைக்கலயா? அறிவில்ல? வண்டி உருண்டா நீதான்யா சாவ!"

"ஆமாங்க" என்றார் மாஸ்டர். "தப்புதான். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பின்னால் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஹாண்ட் பிரேக் இறங்கும் சத்தமும் கேட்டது. வேன் முன்னால் போகவில்லை. பின்னால் வந்தது, ஒரு சாண், இன்னும் ஒரு சாண். அதன் பின்கதவின் குளிர்ந்த தகரம் அவர் முதுகுச் சட்டையைத் தொட்டது. காரில் இருந்தவர் கத்துவதை நிறுத்திவிட்டார்.

மாஸ்டர் திரும்பவில்லை, நகரவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கிய கையை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.